தெக்கு செவுரும் அன்னபுஷ்பம் டீச்சரும்

"ரோடு அங்க கீது, காலேஜு இங்க கீது, நடுவால இந்த செவுரு கீது. பஸ்ஸ விட்டு எறங்குற மனுசன் நேரா உள்ள பூந்தா இன்னாவாம்? ஏரியச் சுத்திக்கினு வந்தாதான் படிப்பு ஏறுமாமா?"

அன்னபுஷ்பம் டீச்சர் இத காலைல பஸ்ஸ விட்டு எறங்கும்போது ஒரு வாட்டி சொல்வாங்க. பிரேயர் முடிஞ்சதும் ஒரு வாட்டி. சாப்பாட்டு டப்பாவத் தொறக்கும்போது ஒரு வாட்டி. தையல் மெஷின்ல நூலு அறுந்தா மெஷினத் திட்ட மாட்டாங்க, அந்த செவுத்தத்தான் திட்டுவாங்க. அவங்க குரல்ல இதச் சொல்லணும்னா உதட்டோரமா குண்டூசிங்கள கவ்விக்கணும், மூக்கால கொஞ்சம் இழுக்கணும், கண்ணு மட்டும் கையில இருக்கற துணிய விட்டு நகரக் கூடாது. அப்பதான் அது அன்னபுஷ்பம் டீச்சர். குண்டூசி இல்லாம சொன்னா வேற யாரோ சொல்ற மாதிரி இருக்கும்.

எங்க காலேஜ்னா பெரிய காலேஜுன்னு நெனச்சிடாதீங்க. பிள்ளைப்பாக்கம் தாண்டி ஒரகடம் போற ரோட்டோரமா, ஓடு போட்ட நீளநீளமான நாலு கட்டடம். போர்டுல மாதா சமுதாயத் தொழிற்கல்லூரின்னு எழுதியிருக்கும். ஃபிட்டர், வெல்டிங், ரேடியோ ரிப்பேரு, டைப்பு, தையல். பத்தாவது தேறினவனும் வரலாம், கோட்டடிச்சவனும் வரலாம். நெலத்த நம்பி இனிமே ஆவாதுன்னு முடிவு பண்ண வூட்டுப் புள்ளைங்க, அம்பத்தூர்லயும் கிண்டிலயும் கம்பெனி வேலைக்குப் போவணும்னு கனா காணற புள்ளைங்க, சர்ச்சுக்குப் போற புள்ளைங்க, கோயிலுக்குப் போற புள்ளைங்க, எல்லாம் ஒரே பெஞ்சுல ஒக்காந்தோம். நான் ஃபிட்டர். எழுபத்தொம்போதுல சேர்ந்தேன்.

டீச்சருக்கு வேலை தையல் சொல்லிக் குடுக்கறது. அதோட 'பெண்கள் பொறுப்பாளர்'னு ஒரு பட்டம் வேற குடுத்திருந்தாங்க. பட்டத்துக்குன்னு தனி ரூம் கெடையாது, நாற்காலி கெடையாது. ஆனா எந்த பொண்ணுக்கு வயித்து வலின்னாலும், எவளுக்கு ஊசி வெரல்ல ஏறினாலும், எவ அப்பன் வந்து படிச்சது போதும் வூட்டுக்கு வான்னு நின்னாலும், எல்லாம் தையல் கிளாஸுக்குத்தான் வரும். அப்பனுங்கள அவங்க ஒக்கார வெச்சி, கைல ஒரு பக்கம் துணிய புடிக்கச் சொல்லிட்டு, வெட்டிக்கினே பேசுவாங்க. துணிய விட்டுட்டு எழுந்து போவ முடியாம அந்த அப்பன் முழுசா கேட்டுத்தான் ஆவணும். பாதி பேரு அப்படித்தான் மனசு மாறிப் போனானுங்க.

அவங்க வூட்டுக்காரர் யாகப்பன், பெங்களூர் ரோட்டுல லாரி ஓட்றவரு. வாரத்துக்கு ஒரு வாட்டி வந்து எறங்குவாரு. ஆளு பனைமரம் மாதிரி இருப்பாரு, குரலு மட்டும் கோழிக்குஞ்சு. "அன்னம், காலேஜுலயே எல்லாத்தயும் பேசித் தீத்துடற. வூட்டுக்கு ரெண்டு வார்த்த மிச்சம் எடுத்துக்கினு வாயேன்"னு கெஞ்சுவாரு. டீச்சர் அவருக்கும் செவுத்துக் கதையத்தான் சொல்வாங்க.

செவுரு கதை இதுதான். காலேஜ் கட்டினவரு செல்வநாதன் சார். எங்க கரஸ்பாண்டெண்ட். தாலுக்கா ஆபீஸ்ல பெரிய வேலைல இருந்து ரிடையர் ஆனவரு, குன்றத்தூர்ல வூடு, கறுப்பு கலர் ஃபியட் காரு. அவரு பேசறது பைபிள் வாசிக்கற மாதிரியே இருக்கும், "என் அன்பான மாணவச் செல்வங்களே"ன்னு ஆரம்பிச்சா வெயில் எறங்கிடும். நல்ல மனுசன்தான். சொந்த நெலத்தக் குடுத்தவரு. கடகால் போடும்போது வாசக் கேட்டு ரோட்டுப் பக்கம் வரும்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. ரோடு தெக்கால இருக்கு. அப்ப கொத்தனார் வேலை பாத்த சுப்பராயன் மேஸ்திரி சாரத் தனியா கூப்ட்டு காதுல ஏதோ சொன்னாரு. மறுநாள் கேட்டு கெழக்குப் பக்கம் போயிடுச்சி. கெழக்கால இன்னா இருக்கு? ஏரிக்கரை இருக்கு, சவுக்குத் தோப்பு இருக்கு. தெக்குப் பக்கம் முழுக்க ஆளொசர செவுரு.

அதனால பஸ்ஸ விட்டு எறங்கினா காலேஜ் கண்ணு முன்னால தெரியும், டைப்பு கிளாஸ் சத்தம்கூட கேக்கும். ஆனா செவுத்த ஒட்டியே நடந்து, மூலை திரும்பி, சவுக்குத் தோப்புல பூந்து, கரை மேல ஏறி எறங்கித்தான் கேட்டுக்குப் போவணும். சாரு கார்ல வருவாரு. ரொம்ப தூரம் சுத்தி வர்ற வண்டிப் பாதைல தூசிய கெளப்பிக்கினு உள்ள போயிடுவாரு. அவரு காலு அந்த தோப்புல பட்டதே இல்ல.

தோப்புக்குள்ள சாராயம் விக்கறவனுங்க ஒக்காந்திருப்பானுங்க. ஊருக்கே தெரியும், போலீஸுக்கும் தெரியும். பையனுங்களப் பாத்தா பீடி கேப்பானுங்க. பொண்ணுங்களப் பாத்தா பாட்டு, கிண்டல், வழிய மறிச்சிக்கினு நிக்கறது. டீச்சர் காலைல முதல் பஸ்ஸுலயே வந்து நின்னுடுவாங்க. பொண்ணுங்க எல்லாம் எறங்கினதும் கூட்டமா சேத்துக்கினு, தையல் கிளாஸ்ல அளக்கற மர கெஜக்கோல தோள்ல சாத்திக்கினு, முன்னால நடப்பாங்க. சாயங்காலமும் அதேதான். ஃபிட்டர் பசங்க நாங்க அதுக்கு பட்டாளம்னு பேரு வெச்சோம். கெஜக்கோல தோள்ல வெச்சிக்கினு அவங்க நடக்கற நடைய நான் நடந்து காட்டினா வெல்டிங் ஷாப்பே சிரிக்கும். ஒரு நாளு அவங்களே பாத்துட்டாங்க. கோல புடிக்கற கை இன்னும் கொஞ்சம் கீழ வரணும்னு திருத்திட்டு போயிட்டாங்க.

பட்டாளம் இருந்தும் ஒரு நாளு ஆயிடுச்சி. பென்னலூர்லேர்ந்து வர்ற அம்சவல்லின்னு ஒரு பொண்ணு. ரேடியோ கிளாஸ்ல அவ ஒருத்திதான் பொண்ணு. கிண்டில டிரான்சிஸ்டர் பண்ற கம்பெனில பொம்பளைங்கள லைன்ல வேலைக்கு எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு, அதுக்குன்னே வந்து சேர்ந்தவ. பொங்கலுக்கு அப்பறம் டிரேடு டெஸ்ட்டு, அதுல தேறினா வேலை. அன்னிக்கு ஸ்ரீபெரும்புதூர்ல பஸ்ஸு தவறிப் போயி அடுத்ததுல வந்தா. பட்டாளம் போயிடுச்சி. தனியா தோப்புல நடந்தா. ஒருத்தன் தாவணிய புடிச்சி இழுத்தான். இவ பைய அவன் மூஞ்சில அடிச்சிட்டு ஓடினா, கரைல வழுக்கி வாய்க்கால்ல வுழுந்தா. மணிக்கட்டு எலும்பு முறிஞ்சிப் போச்சு. கேட்டு வரைக்கும் எப்படி வந்தான்னு அவளுக்கே தெரியாது.

காலேஜ்ல ஒரு பஞ்சுகூட இல்ல. டீச்சர்தான் தச்சிக்கினு இருந்த ஜாக்கெட் துணியக் கிழிச்சி, கெஜக்கோல ரெண்டா ஒடச்சி, அத வெச்சி கையக் கட்டினாங்க. செல்வநாதன் சார் கார்லயே ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கினு போனாங்க. சாரு அதுல கொறை வெக்கல, தானே ஓட்டினாரு.

அதோட அம்சவல்லி வரல. அவ அப்பன் ராமன், கழனி வேலைக்குப் போறவரு, வந்து டீச்சரப் பாத்தாரு. டீச்சர் துணிய புடிக்கக் குடுத்தாங்க. அவரு வாங்கல.

"வாணாம் டீச்சர். துணிய புடிச்சா நீ பேசுவ, நான் கேப்பேன். நாளைக்கு எம்பொண்ணு அந்த வழிலதான வரணும்? நீ வழிய மாத்து, நான் அனுப்பறேன்."

இத சொல்லிட்டு அவரு போயிட்டாரு. டீச்சர் வாயில இருந்த குண்டூசிங்கள ஒண்ணொண்ணா எடுத்து குண்டூசி மெத்தைல குத்தி வெச்சாங்க. அன்னிக்கு முழுக்க பேசல. அவங்க பேசாத நாளு எனக்குத் தெரிஞ்சி அதுதான்.

அந்த மாசத்துலயே இன்னும் சில அப்பனுங்க வந்தானுங்க. தையல் கிளாஸ்ல மெஷினுங்க சும்மா நிக்க ஆரம்பிச்சிது. பொண்ணுங்க பாதிக்கு மேல நின்னுட்டா அடுத்த வருசம் பொம்பளைங்க கிளாஸ எடுத்துடலாம்னு கமிட்டில பேசினதா பியூன் வந்து சொன்னாரு.

டீச்சர் நேரா சார் ரூமுக்குப் போனாங்க. நான் அப்ப அங்க ஜன்னலுக்கு கொக்கி போட்டுக்கினு இருந்தேன், அதனால சொல்றேன். செவுத்துல ஒரு வழி விட்டா போதும், பஸ்ஸ விட்டு எறங்கினா ரோட்ட தாண்டி உள்ள, தோப்பே வேணாம்னு டீச்சர் சொன்னாங்க. சாரு கண்ணாடிய கழட்டி தொடச்சாரு.

"அன்னபுஷ்பம்மா, நாம் கிறிஸ்தவர்கள். திசை, நேரம், சகுனம் இவற்றில் நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் தெற்கு வாசல் மட்டும் வேண்டாம்."

"நம்பிக்க இல்லன்னா அப்பறம் இன்னா சார்?"

நமக்கு இல்ல, மத்தவங்களுக்கு இருக்கு, அவங்க மனசு புண்படும்னாரு. அப்பறம் நிர்வாகத்துல இருக்கறவங்களுக்கு ஆவாதுன்னு மேஸ்திரி சொன்னத மெதுவா சொன்னாரு. நிர்வாகத்துல இருக்கறவருன்னா அவருதான். அவருக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு வேற. போலீஸுக்கு எழுதறேன், தோப்புக்கு ஒரு காவலாளி போடறேன்னு சொன்னாரு. எழுதினாரு. காவலாளியும் போட்டாரு. ஒரு வாரத்துல காவலாளி சாராயக்காரனுங்களோட சேந்து ஒக்காந்து சீட்டு ஆடிக்கினு இருந்தான்.

டீச்சருக்கு இதுல இவ்ளோ பிடிவாதம் ஏன்னு எனக்கு அப்ப புரியல. ஒரு நாளு பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருக்கும்போது வெண்டைக்காய் வெல சொல்ற மாதிரி சொன்னாங்க. அவங்களுக்கு நர்ஸு படிப்புக்கு செங்கல்பட்டுல எடம் கெடச்சிதாம். பஸ்ஸு திரும்பி வர்றதுக்குள்ள இருட்டிடும், ஸ்டாப்புலேர்ந்து வூட்டுக்கு ஒரு ஓடைய தாண்டணும். அப்பா வேணாம்ன்னுட்டாரு. ஓடை மேல ஒரு பலகை போட்டு ஒரு லைட்டு வெச்சிருந்தா நான் இன்னேரம் உங்களுக்கெல்லாம் ஊசி போட்டுக்கினு இருப்பேன்னாங்க. அதுக்குள்ள பஸ்ஸு வந்துடுச்சி.

அதுக்கப்பறம் அவங்க செவுத்தப் பத்தி சார்கிட்ட பேசவே இல்ல. நாங்க எல்லாம் அடங்கிட்டாங்கன்னு நெனச்சோம். அவங்க மாதா திருநாளுக்கு வேலைய ஆரம்பிச்சிருந்தாங்க.

எங்க பக்கத்துல செப்டம்பர் மாசம் மாதா திருநாளு. கடைசி நாளு சாயங்காலம் மாதாவ சப்பரத்துல வெச்சி, பூ போட்டு, பேண்டு வாசிச்சிக்கினு, தோள்ல தூக்கிக்கினு சுத்து வருவாங்க. சர்ச்சு ஜனம் மட்டும் இல்ல, ஊரே நிக்கும். மாரியாத்தாவுக்கு கூழு ஊத்தற வூட்லயும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துவாங்க. சப்பரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு எடத்துல மெழுகுவத்தி ஏத்தி சாம்பிராணி போட்டுக்கினு நின்னாங்கன்னா சப்பரம் அங்க நிக்கணும். நின்ன எடத்துல அவங்களப் பாக்காம, முதுகு காட்டித் திரும்பி வரக் கூடாது. முன்னாலதான் போவணும். சந்துல மாட்டிக்கினா வூட்டுக் கூரைய தூக்கிப் புடிச்சாவது முன்னால போவாங்களே தவிர, மாதாவ திருப்ப மாட்டாங்க.

சப்பரம் தூக்கற ஆளுங்களுக்கு தலைவரு தாமஸ் அண்ணன். செங்கல் சூளைல லாரிக்கு லோடு ஏத்தறவரு, தொண்டை எப்பவும் கட்டியே இருக்கும், ரகசியம் பேசினாகூட ஊரே கேக்கும். டீச்சர் அவருகிட்ட போயி, இந்த வருசம் மாதா காலேஜுக்கு வரணும், படிக்கற புள்ளைங்களுக்கு ஆசீர்வாதம் வேணும்னு கேட்டாங்க. அவரு கரகரன்னு, "வந்துட்டா போச்சுக்கா"ன்னாரு. சாமியாரும் சரின்னுட்டாரு. செல்வநாதன் சாருக்கு சந்தோசம் தாங்கல. தானே நோட்டீஸ் அடிச்சாரு, கெழக்கு கேட்டுல வளைவு கட்டினாரு, சீரியல் லைட்டு, ஷாமியானா, நாற்காலி, எல்லாம் போட்டாரு.

யாரும் ஒண்ண யோசிக்கல. யோசிச்சது ஒரே ஆளு. சப்பரம் ரோட்டு வழியா வரும். ரெண்டு பக்கமும் தோளு குடுக்கற ஆளுங்களோட சேத்துப் பாத்தா அது ஒரு மாட்டு வண்டிய விட அகலம். சவுக்குத் தோப்புல அது நொழையாது. சாரோட காரு போற வண்டிப் பாதை மழைக்கு சேறாயிடும். அந்த செப்டம்பர்ல மழை ஒண்ணும் வஞ்சன பண்ணல.

அன்னிக்கு சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பேண்டு சத்தம் கேட்டுச்சி. சாரு ஜிப்பா, சந்தன மாலை, ஜரிகை சால்வையோட கெழக்கு கேட்டுல நிக்கறாரு. டீச்சரும் பொண்ணுங்களும் அங்க இல்ல. தெக்கு செவுத்துக்கு உள்பக்கம், கைல மெழுகுவத்தி, நடுவுல சாம்பிராணி சட்டி, மாதா பாட்டு. செவுத்துக்கு மேல பொகை எழும்புது. ரோட்டுல வந்த சப்பரம் பொகையப் பாத்து நின்னுடுச்சி.

தாமஸ் அண்ணன் வழிய பாத்துட்டு வந்து, தோப்புல போவாது, பாதைல எறங்கினா முட்டி வரைக்கும் சேறு, மாதா சாஞ்சிடுவாங்கன்னு சொன்னாரு. கூட்டத்துல ஒருத்தன் அப்ப திருப்புன்னான். பத்து பேரு அவன அடிக்கப் போனாங்க. சப்பரம் தோள்லயே நிக்குது, தூக்கற பசங்க கால மாத்தி மாத்தி வெக்கறானுங்க, உள்ள பாட்டு நிக்கல. அம்சவல்லிய கூட்டிக்கினு ராமன் வேடிக்க பாக்க வந்திருந்தாரு. அவ கட்டுப் போட்ட கையோட, செவுத்துக்கு வெளிய நின்னுக்கினு, உள்ள பாடற பாட்ட வாயசைச்சிக்கினு இருந்தா.

சாருக்கு சேதி போச்சு. காரு எடுத்தாரு, சேத்துல பொதைஞ்சி போச்சு. வேற வழி இல்ல. எறங்கினாரு. முதல் முதலா அந்த தோப்புல சாரு நடந்தாரு.

உள்ள இன்னா நடந்துச்சின்னு யாரும் பாக்கல. வெளிய வரும்போது சால்வை தோள்ல இல்ல. மாலை பாதி பிஞ்சி தொங்குது. ஒரு செருப்பு சேத்துலயே போயிடுச்சி. பின்னாலயே ஒரு சாராயக்காரன் ஜரிகை சால்வைய தலைல தலப்பா கட்டிக்கினு, "மாமா, நில்லு மாமா, ஒரு பாட்டு பாடிட்டு போ மாமா"ன்னு கூப்ட்டுக்கினே வந்தான். கூட்டத்தப் பாத்ததும் மறுபடி தோப்புல பூந்துட்டான். சாரு ரோட்டு மேல ஏறி நின்னு மூச்சு வாங்கினாரு. அம்சவல்லி கைய ஒரு வாட்டி பாத்தாரு. அவ சாரப் பாத்து கும்பிட முடியாம தலைய மட்டும் ஆட்டினா.

தாமஸ் அண்ணன் அவருகிட்டயே கேட்டுட்டாரு. "சார், தோளு போவுது. மாதாவ திருப்பச் சொல்றீங்களா? நீங்க உங்க வாயால சொல்லுங்க, திருப்பறோம்."

எவன் சொல்வான்? சாரு கூட்டத்துல யாரயோ தேடினாரு. சுப்பராயன் மேஸ்திரி, பொண்டாட்டி புள்ளைங்களோட சப்பரம் பாக்க வந்தவரு, ஓரமா நின்னுக்கினு இருந்தாரு. சாரு அவரப் பாத்த பார்வைல, கடகால் போட்ட அன்னிக்கு காதுல சொன்னது அவ்ளோவும் இருந்துச்சி. மேஸ்திரி துண்ட எடுத்து இடுப்புல கட்டினாரு. அவரு பேசறது எப்பவும் வெத்தல போட்ட வாயி, வார்த்த ஒரு பக்கமாதான் வரும்.

"அது மனுசன் போறதுக்கு சொன்னதுங்க. ஆத்தா வர்றதுக்கு எந்த தெசையா இருந்தா இன்னா? அவ வந்தா அந்த தெசயே நல்ல தெச. கடப்பாற இருந்தா குடுங்க."

கடப்பாறை இருந்துச்சி. செவுத்துக்கு மேலயே எட்டி உள்ளேர்ந்து ஒரு கை நீட்டிக் குடுத்துச்சி. வெல்டிங் ஷாப் கடப்பாறை தையல் கிளாஸ் பீரோ பின்னாடி எப்படி வந்துச்சின்னு அன்னிக்கு யாரும் கேக்கல. ஸ்டூல் மேல ஏறி நின்ன அன்னபுஷ்பம் டீச்சர் மூஞ்சி செவுத்துக்கு மேல பாதி தெரிஞ்சிது. மேஸ்திரி மொதல் குத்து குத்தினாரு. மண்ணு சாந்துல கட்டின செவுரு, சும்மா பொலபொலன்னு வந்துச்சி. ஃபிட்டர் பசங்க நாங்க கல்ல எடுத்து ஓரமா அடுக்கினோம். பேண்டுக்காரன் வாசிக்கறத நிறுத்தவே இல்ல. சப்பரம் ஆடாம அசையாம உள்ள போச்சு. அது பின்னால கூட்டம் போச்சு. கூட்டத்தோட அம்சவல்லியும் அவ அப்பனும் போனாங்க. சாரு கடைசியா, ஒத்தச் செருப்போட உள்ள போனாரு.

மறுநாள் சாருக்கு பழைய பயம் வந்துடுச்சி. ராவெல்லாம் நெஞ்சு படபடன்னு இருந்துச்சாம். செவுத்த அடைச்சிடுன்னு மேஸ்திரிக்கு ஆளு அனுப்பினாரு. மேஸ்திரி, ஆத்தா வந்த வழிய அடைக்கறதுக்கு நான் கை வெக்க மாட்டேன், வேற ஆளப் பாருங்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. சாரு பிள்ளைப்பாக்கத்துல கேட்டாரு, ஒரகடத்துல கேட்டாரு. இந்து கொத்தனாரும் வரல, கிறிஸ்தவ கொத்தனாரும் வரல. ஒருத்தரு மட்டும் கரணையோட வந்தாரு. எந்த செவுருன்னு காட்டினதும் ஒரு முழம் பின்னால போயி சிலுவக் குறி போட்டுக்கினு திரும்பிட்டாரு. கடைசில குன்றத்தூர்ல சாரோட சொந்த சம்சாரமே, வெக்கற கல்லுல உங்க கை இருந்தா இனிமே உங்களுக்கு என் கையால காபி கெடையாதுன்னுட்டாங்களாம்.

ஓட்டை ஓட்டையாவே இருந்துச்சி. வழக்கம்போல பஸ்ஸு வந்து நிக்கும், பொண்ணுங்க எறங்குவாங்க, ரோட்ட தாண்டி உள்ள வந்துடுவாங்க. தோப்புப் பக்கம் ஒருத்தி தல காட்டல. பாட்டு பாடினவனுங்களுக்கு கேக்கறதுக்கு ஆளு இல்லாம போச்சு. நின்னு போன பொண்ணுங்க ஒருத்தி பின்னால ஒருத்தியா திரும்பி வந்தாங்க. ராமன் அம்சவல்லிய தானே கூட்டிக்கினு வந்து, ரோட்டுல நின்னு அந்த ஓட்டைய பாத்துட்டு, அவள உள்ள அனுப்பிட்டு அடுத்த பஸ்ஸுல போயிட்டாரு.

ஆனா டீச்சருக்கு ஒரு சேதி வந்துச்சி. அவங்க வேலை வருசா வருசம் புது ஆர்டரு போட்டுத்தான் ஓடும். நிர்வாகத்துக்கு சொல்லாம செவுத்த இடிக்க ஏற்பாடு பண்ணதுக்கு, அடுத்த வருசம் ஆர்டரு இல்லன்னு சாரு கமிட்டில சொல்லிட்டாரு. பியூன் வந்து இத சொன்னப்போ டீச்சர் ஒரு பாவாடைக்கு மடிப்பு வெச்சிக்கினு இருந்தாங்க. மடிப்ப முடிச்சிட்டு, அது வரைக்கும் எத்தன மாசம் கீதுன்னு மட்டும் கேட்டாங்க. அடுத்த நாளே மருந்து கடையிலேர்ந்து பஞ்சு, டிஞ்சர், பேண்டேஜ் எல்லாம் வாங்கி ஒரு பிஸ்கட் டின்ல போட்டு, செவப்பு பெயிண்டுல சிலுவ போட்டு, வெல்டிங் ஷாப் வாசல்ல மாட்டினாங்க. வெல்டிங் பசங்களுக்கு கறுப்பு கண்ணாடி வேணும்னு சார் ரூமு முன்னால நிக்க ஆரம்பிச்சாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல போவப் போறவங்க மாதிரியே இல்ல. நேத்துதான் வேலைக்கு சேந்தவங்க மாதிரி இருந்தாங்க.

பொங்கல் கழிஞ்சி அந்த ஓட்டைக்கு கேட்டு வந்துச்சி. எங்க வெல்டிங் பசங்களே அடிச்ச இரும்பு கேட்டு. சாரு உடம்புக்கு ஒண்ணும் ஆவல, அதனால பயம் தெளிஞ்சி, நெஞ்சு நிமிர்ந்து, இப்ப அது தன்னோட யோசனன்ற மாதிரியே பேச ஆரம்பிச்சிட்டாரு. தெறக்கற அன்னிக்கு சாமியார கூப்ட்டு மந்திரிக்க வெச்சாரு. அப்பன் ஆத்தாங்க எல்லாம் வந்திருந்தாங்க. தேறின பேரு படிக்கும்போது அம்சவல்லி பேரும் வந்துச்சி, கிண்டி கம்பெனில அடுத்த மாசம் சேரணும்னு லெட்டரும் வந்துடுச்சி. அவ எழுந்து நின்னதும் ராமன் துண்டால மூஞ்சிய தொடச்சிக்கினாரு, வேர்வைன்னு பக்கத்துல இருந்தவருகிட்ட சொன்னாரு.

அப்பறம் சாரு மைக்க புடிச்சாரு. தெற்கு வாசல் வந்தது இறைவனின் சித்தம்னாரு. மூடநம்பிக்கைகளை நாம் வென்றோம்னாரு. கைதட்டு வந்துச்சி. கடைசியா மேடைக்கு கீழ ஓரமா, குண்டூசி மெத்தைய இடுப்புல சொருகிக்கினு நின்ன டீச்சரப் பாத்து பெரிய மனசோட சிரிச்சாரு.

"நம் அன்னபுஷ்பம் ஆசிரியை எத்தனையோ காலமாக ஒரே ஒரு கோரிக்கை வைத்து நம்மை வறுத்தெடுத்தார். இன்று அது நிறைவேறிவிட்டது. இனி அவர் நிம்மதியாக வீட்டில் ஓய்வெடுக்கலாம். கேட்பதற்கு இனி இங்கே எதுவும் இல்லை."

ஆர்டரு இல்லைன்றது எல்லாருக்கும் தெரியும். தட்ட வந்த கையெல்லாம் பாதில நின்னுடுச்சி. பொண்ணுங்க எல்லாம் டீச்சரத் திரும்பிப் பாத்தாங்க. சாமியார் காலடில இருக்கற தூசிய பாத்தாரு. டீச்சர் மேடைக்குப் போவல, மைக்கயும் கேக்கல. வாயில குண்டூசி இல்லாததால அவங்க குரலு கடைசி வரிசை வரைக்கும் தெளிவா கேட்டுச்சி.

"ஓய்வா, எனக்கா? சார், இந்தப் பொண்ணுங்க உள்ள வர்றதுக்கு வழி விட்டுட்டீங்க, மாதா உங்கள நல்லா வெப்பாங்க. உள்ள வந்தவளுங்க காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுக்குப் போவ எடம் இல்லாம, அதுக்கு பயந்துக்கினு ஒரு வாய் தண்ணிகூட குடிக்காம ஒக்காந்துக்கினு கீறாளுங்களே, அத உங்க காதுல யாராவது போட்டாங்களா? மொதல்ல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டுங்க. எந்த மூலைன்னு மேஸ்திரிய வெச்சி நல்லா சாஸ்திரம் பாத்தே கட்டுங்க, நான் ஒண்ணும் சொல்லல. கட்டி முடிச்சி, கதவுக்கு உள்தாப்பா போட்டு, தொட்டில தண்ணி ரொப்பிட்டு எனக்கு சொல்லி அனுப்புங்க. அன்னிக்கு வந்து ஓய்வப் பத்தி யோசிக்கிறேன். அது வரைக்கும் ஆர்டரு இருந்தாலும் இல்லாட்டியும் முதல் பஸ்ஸுல நான் வந்துடுவேன், எனக்குன்னு ஒரு நாற்காலி மட்டும் போட்டு வைங்க."